எரிமலை வெடித்த பிறகு அந்தி ஏன் ஊதாவாகிறது, சூரியன் ஏன் நீலமாகிறது?

கேள்வி இதுதான்: பெரிய எரிமலை ஒன்று வெடித்தால், அதற்குப் பிறகு பல மாதங்கள் உலகின் மறுகோடியில்கூட அந்தி வானம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவக்கிறது. சில வெடிப்புகளுக்குப் பிறகு சூரியனே நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. ஒரே தூசு ஓரிடத்தில் சிவப்பையும் இன்னோரிடத்தில் நீலத்தையும் எப்படித் தர முடியும்?

பதிலுக்குள் போகும் முன் தூசு என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். எரிமலைச் சாம்பல் என்பது உடைந்து நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும்தான். எடை அதிகம். பெரிய துகள்கள் சில மணி நேரத்தில் விழுந்துவிடும், சிறியவை சில நாட்களில், மிக நுண்ணியவை சில வாரங்களில். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வானத்தின் நிறத்தை மாற்றுவது கந்தகம். வெடிப்போடு சேர்ந்து மேலே போகும் கந்தக டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத வாயு. அது அங்கே நீராவியோடும் வேறு சில மூலக்கூறுகளோடும் வினைபுரிந்து, சில வாரங்களில் கந்தக அமிலத் துளிகளாக மாறுகிறது. துளியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமிலம், கால் பங்கு தண்ணீர். விட்டம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் கீழே அல்லது அதை ஒட்டி, அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வானத்தில் நடக்கும் வேடிக்கைகளில் பெரும்பாலானவை இந்தத் துளிகளின் வேலை.

துளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மேகமும் மழையும் நடக்கும் கீழடுக்கில் இருந்தால், ஓரிரு வாரத்தில் மழை கழுவிவிடும். அதற்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்கு மண்டலத்துக்குப் போய்விட்டால் கழுவ மழை கிடையாது. அரை மைக்ரான் ஆரமுள்ள துளி அங்கே நாளொன்றுக்குச் சில பத்து மீட்டர்தான் இறங்கும். 1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது சுமார் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு மேலே போனது. மூன்று வாரங்களுக்குள் அந்தப் படலம் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. அதன் பிறகு ஓரிரு ஆண்டுகளுக்கு அந்திகள் பழைய அந்திகளாக இல்லை.

வெடிப்பு எவ்வளவு பெரியது என்பதை மட்டும் பார்த்தால் இதில் ஏமாந்துபோவோம். 1980 மே மாதம் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மலையின் ஒரு பக்கமே சரிந்தது. ஆனால் மேலே போன கந்தக டை ஆக்சைடு ஏறத்தாழ பத்து லட்சம் டன்தான். 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் வெடித்தபோது வெளியான பாறையின் அளவு கிட்டத்தட்ட அதே ரகம். கந்தகமோ ஏழு மடங்கு. வானத்தில் நெடுநாள் தெரிந்தது இரண்டாவதுதான். 2010இல் ஐரோப்பிய விமானங்களை எல்லாம் தரையிறக்கிய ஐஸ்லாந்து எரிமலையும் இப்படித்தான். சாம்பல் ஏராளம், கந்தகம் கொஞ்சம், உயரமும் போதவில்லை. விமான நிலையங்கள் ஸ்தம்பித்த அளவுக்கு வானத்தின் நிறம் மாறவில்லை.

சரி, இப்போது ஒளிக்கு வருவோம். காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அவை நீலத்தைச் சிவப்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதும், காற்றில் நீண்ட தூரம் பயணித்து வரும் அந்திச் சூரியன் சிவப்பதும் இதனால்தான். பள்ளியில் படித்த ராலே சிதறல். துகளின் அளவு அலைநீளத்தை நெருங்கினால் இந்த விதி செல்லாது. அங்கே 1908இல் குஸ்டாவ் மீ எழுதிய கணக்கு வருகிறது. அதன்படி அத்தகைய துளி எல்லா நிறங்களையும் ஏறத்தாழ சமமாகச் சிதறடிக்கும், அதிலும் பெரும்பகுதியை வந்த திசையிலேயே முன்னோக்கித் தள்ளும். நீலமா சிவப்பா என்பதில் அதற்குப் பெரிய விருப்பு வெறுப்பு இல்லை. துளியின் அளவு சரியாக அமைந்தால் மட்டும் ஒரு விபரீதம் நடக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எரிமலை அந்தியின் அடையாளம் சிவப்பு என்று நினைத்தால் தவறு. ஊதாவைத்தான் தேட வேண்டும். சாதாரண அந்தியிலும் சிவப்பு உண்டு. கீழே புகையும் தூசும் இருந்தால் இன்னும் கூட உண்டு, ஆனால் அது மங்கலான, அழுக்கான சிவப்பு. (தூசு நிறைந்த ஊர்களில்தான் அந்தி அழகு என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. கீழடுக்கு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நிறம் தெளியும்.)

ஊதா எப்படி வருகிறது என்பதை நேரவாரியாகப் பார்ப்போம். சூரியன் மறைகிறது. முதல் பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியாது. மேற்கில் மஞ்சளும் வெண்மையும் கலந்த ஒரு பிரகாசம், வழக்கத்தைவிடச் சற்று அகலமாக, அவ்வளவுதான். கூர்ந்து பார்த்தால் அந்தப் பிரகாசத்துக்குள் மெல்லிய வரிகளும் அலைகளும் தெரியும். மேகம் இல்லாத வானத்தில் இந்த வரிகள் ஒரு நல்ல தடயம். வெப்ப மண்டலப் பகுதியில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி தாழும். பதினாறு, இருபது நிமிடம் ஆகும்போது அது அடிவானத்துக்குக் கீழே நாலைந்து டிகிரியில் இருக்கும். தரையில் இருட்டத் தொடங்கிவிட்டது, கீழ்க்காற்றும் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. ஆனால் இருபது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துளிப்படலத்துக்கு இன்னும் வெயில் அடிக்கிறது. அந்த வெயில் எப்படிப்பட்டது? பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு, அடர்ந்த கீழ்க்காற்றுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நீலத்தை எல்லாம் இழந்து, சிவந்துபோய் வருகிற ஒளி. போகிற வழியில் ஓசோன் தன் பங்குக்கு மஞ்சளையும் ஆரஞ்சையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. துளிகள் இந்தச் சிவப்பை நம்மை நோக்கித் திருப்பிவிடுகின்றன. அதே திசையில், படலத்துக்கு மேலே உள்ள மெல்லிய காற்று இன்னும் நீலத்தைச் சிதறடித்துக்கொண்டிருக்கிறது. சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. மேற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, இருபது முப்பது டிகிரி உயரத்தில், ஊதாத் திட்டு ஒன்று திடீரென்று ஒளிரத் தொடங்குகிறது. இருட்டிக்கொண்டே வந்த வானம் மறுபடி வெளிச்சமாவதுபோல இருக்கும். அந்த நேரத்தில் பளிச்சென்ற சுவர்களில்கூட இளஞ்சிவப்பு ஏறும். அப்புறம் அது மெல்லக் கீழே இறங்கி, ஆழ்ந்த சிவப்பாகி, அடிவானத்தை ஒட்டி அடங்கும்.

எவ்வளவு நேரம் ஒளிர்கிறது என்பதிலிருந்து படலத்தின் உயரத்தைக்கூடக் கணக்குப் போடலாம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் உயரத்து மேகத்தை மேற்கு அடிவானத்தில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், சூரியன் சுமார் ஆறரை டிகிரி தாழும்வரை அதன்மேல் வெயில் படும். இருபது கிலோமீட்டர் உயரத்துப் படலம் என்றால் ஒன்பது டிகிரி வரை. வெப்ப மண்டலத்தில் இது 26 நிமிடத்துக்கும் 36 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். உயர்ந்த அகலாங்குகளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் எல்லாமே இன்னும் நீளும். தரையை உரசும் கதிர் நடைமுறையில் முழுதாக வந்து சேராது என்பதால் உண்மையான நேரம் கொஞ்சம் குறையும். ஆனாலும் செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் வெறும் கடிகாரத்தை வைத்து உயரத்தை ஊகிக்க இந்த வழிதான் கைகொடுத்தது.

1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரகட்டோவா தன்னையே சிதறடித்துக்கொண்ட பிறகு நடந்தது, இந்த விளைவுகள் எல்லாம் ஒரே தொகுப்பாகக் காணக் கிடைத்த தருணம். படலம் முதலில் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கு நோக்கிப் பறந்தது. இரண்டு வாரத்தில் ஒரு சுற்று. அந்த உயரத்தில் அவ்வளவு வேகமாக ஒரு கீழைக்காற்று வீசுகிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது; எரிமலைப் புகை போன பாதையைப் பின்தொடர்ந்துதான் கண்டுபிடித்தார்கள். வடக்கே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் அடிவானச் செம்மையைப் பார்த்து எங்கோ ஊர் எரிகிறது என்று தீயணைப்பு வண்டிகளைக் கிளப்பினார்கள். லண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் என்ற ஓவியர் தேம்ஸ் கரையில் நின்று மாலைதோறும் சில நிமிட இடைவெளியில் வண்ணக்கட்டியால் வரைந்து தள்ளினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். வண்ணப் புகைப்படம் இல்லாத காலத்தில் அவைதான் தரவு. ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட கிரகட்டோவா அறிக்கையின் முகப்பில் அவற்றில் சில அச்சாகியிருக்கின்றன.

இனி நீலச் சூரியன். கிரகட்டோவா வெடித்து இரண்டு வாரத்தில், 1883 செப்டம்பரில், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாக உதித்துப் பச்சையாக மறைந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் நிறமாலைமானியை அதன் பக்கம் திருப்பினார். நிறமாலையின் சிவப்பு முனை வெகுவாக மங்கியிருந்தது. (இவர்தான் பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தை நிறுவியவர்.) அதாவது, அந்தியில் நீலத்தைத்தானே வானம் தின்றுவிடும், இங்கே சிவப்பு காணாமல் போயிருக்கிறது.

முன்பு சொன்ன விபரீதம் இதுதான். ஒரு துளியின் ஊடாகப் போகும் ஒளி, அதன் பக்கவாட்டில் காற்றில் போகும் ஒளியைவிடக் கொஞ்சம் பின்தங்கும், ஏனென்றால் திரவத்துக்குள் ஒளியின் வேகம் குறைவு. துளிக்கு அப்பால் இரண்டும் சேரும்போது, பின்தங்கிய தூரம் கிட்டத்தட்ட அரை அலை என்றால் ஒன்றை ஒன்று அழிக்கும். நேராக வரும் ஒளி பெரிதும் குறையும். பின்னடைவு முழு அலையை நெருங்கினால் அழிவு குறைந்து, ஒளி ஓரளவு தப்பித்து வந்துவிடும். பின்தங்கும் தூரம் எல்லா நிறத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் அலையின் நீளம் வேறு. நீல அலை குட்டை, சிவப்பு அலை நெட்டை. துளியின் விட்டம் ஒரு மைக்ரானைச் சற்றுத் தாண்டும்போது சிவப்பு மிக மோசமாக அடிபடும் கட்டத்தில் இருக்கும். நீலம் அந்தக் கட்டத்தைத் தாண்டி முழு அலைப் பின்னடைவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே சிவப்பு தடுக்கப்பட்டு நீலம் வந்து சேர்கிறது. சூரியன் நீலமாகிறது. அதுவே அடிவானத்தை நெருங்கும்போது வழியில் உள்ள காற்று தன் வழக்கப்படி நீலத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டு முனையும் வெட்டுப்பட்ட பிறகு மிஞ்சுவது நடுவில் உள்ள பச்சை. சென்னையில் உதயத்திலும் அந்தியிலும் பச்சை தெரிந்ததற்கு இந்த விளக்கம் அழகாகப் பொருந்துகிறது.

அப்படியானால் ஒவ்வொரு எரிமலைக்கும் நீலச் சூரியன் ஏன் வருவதில்லை? துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் இது நடக்கும். பல அளவுகள் கலந்திருந்தால் ஒன்று தடுத்ததை இன்னொன்று விட்டுவிடும், கூட்டிக் கழித்தால் நிறம் போய் வெறும் மங்கல்தான் மிஞ்சும். ஹாம்பர்க்கில் யோஹான் கீஸ்லிங் என்ற இயற்பியல் ஆசிரியர் கிரகட்டோவாவுக்குப் பிறகு கண்ணாடிப் பாத்திரத்துக்குள் செயற்கை மூடுபனி உண்டாக்கி இதைச் செய்து காட்டினார்: துளிகள் சீராக வளர்ந்த நேரத்தில் அதன் வழியே பார்த்தால் ஒளிமூலம் நீலமாகவும் பச்சையாகவும் மாறியது. எரிமலைதான் வேண்டும் என்பதுகூட இல்லை. 1950 செப்டம்பரில் மேற்குக் கனடாவின் காட்டுத் தீப் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து ஸ்காட்லாந்தில் சூரியனை நீலமாக்கியது. அதுவும் ஒரே அளவுத் துளிகளின் கைங்கரியம்தான்.

இதில் ஒரு வரலாற்றுக் கிளை உண்டு. 1831 ஆகஸ்டில் பல நாடுகளில் சூரியன் நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னர், ஆகஸ்ட் 13 அன்று தெரிந்த நிறம் மாறிய சூரியனை, எழுவதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டார். எட்டு நாளில் கிளர்ச்சி வெடித்தது. எந்த எரிமலை என்பது மட்டும் கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு புதிராகவே இருந்தது. துருவப் பனியில் புதைந்திருந்த நுண்ணிய கண்ணாடித் துகள்களை ஒப்பிட்டு, குரில் தீவுகளில் யாரும் குடியிருக்காத சிமுஷிர் தீவின் சவாரிட்ஸ்கி எரிமலை என்று அண்மையில்தான் அடையாளம் கண்டார்கள்.

மூன்றாவது விளைவு பிஷப் வளையம். மதகுருவைச் சொல்வதாக நினைக்க வேண்டாம், செரினோ பிஷப் என்பது பார்த்தவரின் பெயர் (அவர் மதபோதகராகவும் இருந்தார் என்பது வேறு விஷயம்). 1883 செப்டம்பர் 5 அன்று ஹொனலுலுவில் சூரியனைச் சுற்றி நீலம் கலந்த வெண்மையான ஒரு வட்டத்தையும், அதன் விளிம்பில் மங்கிய செம்பழுப்பு வளையத்தையும் அவர் கண்டு எழுதினார். இது ஒளியின் விளிம்பு விளைவு. கண்ணாடியில் மூச்சை ஊதி, படிந்த ஈரத்தின் வழியே தெருவிளக்கைப் பார்த்தால் சுற்றிலும் நிற வளையம் தெரியுமே, அதே சங்கதி. துளி எவ்வளவு சிறியதோ வளையம் அவ்வளவு பெரியது. மேகத் துளிகள் ஒப்பீட்டில் பெரியவை என்பதால் நிலவைச் சுற்றி ஓரிரு டிகிரியில் வளையம் போடும். எரிமலைத் துளிகள் பத்திலிருந்து இருபது டிகிரிக்கு மேல் விரிக்கும். வளையத்தின் அளவை அளந்தாலே துளியின் விட்டம் சுமார் இரண்டு மைக்ரான் என்று வந்துவிடும்.

இதை 22 டிகிரி ஒளிவட்டத்தோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது பனிப்படிகங்களில் ஒளிவிலகலால் வருவது, அதில் சிவப்பு உள்பக்கம். பிஷப் வளையத்தில் சிவப்பு வெளிப்பக்கம். இந்த ஒரு வித்தியாசம் போதும். பார்ப்பதாக இருந்தால் ஏதாவது கம்பத்தாலோ சுவர் விளிம்பாலோ சூரியனை முழுக்க மறைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தைப் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் பத்து டிகிரி, விரல்களை விரித்தால் ஒரு சாண் சுமார் இருபது. பழுப்பு நிறம் முஷ்டியைத் தாண்டித் தொடங்கி ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் கரைந்துபோகும்.

பகல் வானம் வெளிறிப் பால்போல ஆவதும் இதே கதையின் இன்னொரு பக்கம். நேரடி வெயில் குறைகிறது, சிதறிய வெளிச்சம் கூடுகிறது. 1783 ஜூனில் ஐஸ்லாந்தின் லாக்கி பிளவு திறந்து எட்டு மாதம் கக்கியபோது, பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பூதக்கண்ணாடியால் குவித்த வெயில்கூடப் பழுப்புக் காகிதத்தைப் பற்றவைக்கத் திணறியது என்று குறித்தார். ஐஸ்லாந்து எரிமலையாக இருக்கலாம் என்ற ஊகத்தையும் சேர்த்தே எழுதினார். ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல் வெயிலின் ஊடுருவலை அளந்து வருகிறார்கள். அந்த வரைபடத்தில் பாலித் தீவின் அகுங், எல் சிச்சோன், பினாட்டுபோ என மூன்று பள்ளங்கள் தனியாகத் தெரியும்.

சந்திர கிரகணத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விடச் சுவாரசியமானது. முழு கிரகணத்தின்போது நிலவு செம்பு நிறமாகத் தெரிவது, பூமியின் விளிம்பில் உள்ள காற்று வளைத்து அனுப்பும் ஒளியால். அந்த ஒளி அடுக்கு மண்டலத்தைச் சாய்வாகத் துளைத்து வருகிறது. அங்கே அமிலத் துளிகள் நிறைந்திருந்தால் பாதையிலேயே மடிந்துபோகும், நிலவு கறுத்துவிடும். பாலியின் அகுங் வெடித்த 1963ஆம் ஆண்டின் டிசம்பர் 30 கிரகணத்திலும், பினாட்டுபோவுக்குப் பிறகு 1992 டிசம்பர் 9 கிரகணத்திலும் நிலவைத் தேட வேண்டியிருந்தது. 1110 மே 5 கிரகணத்தில் நிலவு அடியோடு மறைந்துபோனதாக இங்கிலாந்தின் பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். துறவிகள் தங்கள் காரணங்களுக்காக எழுதினார்கள். இப்போது அத்தகைய இடைக்காலக் கிரகணக் குறிப்புகளை வைத்து, எந்த வெடிப்பின் துளிகள் அடுக்கு மண்டலத்தை எட்டின, எப்போது வெடித்தது என்று காலம் கணிக்கிறார்கள். துருவப் பனியில் கந்தகம் படிந்திருப்பது தெரியும், மாதம் தெரியாது. கிரகணத்துக்கோ தேதியே உண்டு.

2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் கடலடி எரிமலை வெடித்தது இதில் ஒரு தனி ரகம். புகைத்தூண் 57 கிலோமீட்டர் வரை போனது, அளக்கப்பட்டதிலேயே மிக உயரம். கந்தக டை ஆக்சைடு என்னவோ சுமார் நாலு லட்சம் டன்தான், பினாட்டுபோவின் அருகில்கூட வராது. ஆனால் கடல்நீரை ஆவியாக்கிச் சுமார் 15 கோடி டன் நீராவியை மேலே அனுப்பியது. நீராவி மிகுந்ததால் அமிலத் துளிகள் வழக்கத்தைவிட வேகமாக உருவாயின; தென்கோளம் முழுக்க அந்த ஆண்டு பல மாதங்கள் ஊதா அந்திகள் தெரிந்தன.

ஆகவே அடுத்த முறை ஒரு வெடிப்புச் செய்தி வரும்போது, புகைத்தூண் எவ்வளவு உயரம், கந்தக டை ஆக்சைடு எத்தனை லட்சம் டன் என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். பதினாறு பதினெட்டு கிலோமீட்டரைத் தாண்டி, பத்து லட்சம் டன்னையும் எட்டியிருந்தால் காத்திருப்பதில் பொருள் உண்டு. வெப்ப மண்டல எரிமலை என்றால் இரண்டு கோளங்களுக்கும் பரவும். வடக்கே வெகு தூரத்தில் வெடித்தால் பெரும்பாலும் வடகோளத்தோடு நின்றுவிடும். உடனே அன்று மாலையே பார்க்க வேண்டாம், வாயு துளியாக மாறச் சில வாரம் ஆகும். அதன் பிறகு மேகமில்லாத ஒரு மாலையில், சூரியன் மறைந்ததும் வீட்டுக்குள் போய்விடாமல் இன்னும் கால் மணி நேரம் மேற்கே பார்த்தபடி நில்லுங்கள்.